பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினா காடி பறக்குமா? இசியு, பெட்ரோல் கலவை, ஜப்பான் இறக்குமதி காடிகள்

கேள்வி: 14 ஜூன் 2024, இரவு 9.05, ஷா ஆலாம் வாசகர்

என்கிட்ட இருக்கிறது ஜப்பான் இறக்குமதி இம்ப்ரெசா எஸ்டிஐ, 2003. பேட்டரி நெகடிவ் வயரைக் கழட்டி அரை மணி நேரம் விட்டு மாட்டினா காடி பறக்குது. ஒரு வாரம்தான். அப்புறம் பழைய மந்தம். இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) என் ஓட்டத்தைப் பார்த்துப் பழகி சோம்பேறி ஆயிடுதுன்னு போமன் (மெக்கானிக்) சொல்றாரு. அதனால மாசம் ரெண்டு தடவ கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கேன். இதை நிரந்தரமா செய்ய வழி இருக்கா?

14 ஜூன் 2024, இரவு 11.40

கழட்டாதீங்க தம்பி. அந்த அரை மணி நேரத்துல அழியுற கணக்கைப் படிச்சா உங்க காடிக்கு என்ன நோய்னு தெரியும். அழிச்சிட்டு அப்புறம் யாரைக் கேட்கிறது?

இசியு என்ன பண்ணுதுன்னு முதல்ல சொல்லிடுறேன். உள்ள போற காத்து எவ்வளவுன்னு ஒரு சென்சர் சொல்லும். அத்தனை காத்துக்கு எவ்வளவு பெட்ரோல் வேணும்னு இசியு கணக்குப் போட்டு, இன்ஜெக்டரை அத்தனை மில்லிசெகண்ட் திறந்து மூடும். சாதாரண ஓட்டத்துல இலக்கு, எடைக் கணக்குல 14.7 பங்கு காத்துக்கு 1 பங்கு பெட்ரோல். எரிஞ்சு வெளிய வர்ற புகையை ஆக்சிஜன் சென்சர் பார்க்கும். பெட்ரோல் பத்தலைன்னா இசியு உடனே கொஞ்சம் கூட்டும், மிஞ்சினா குறைக்கும். வினாடிக்கு வினாடி நடக்கிற திருத்தம் இது. ஒரே பக்கமா கூட்டிக்கிட்டே இருக்க வேண்டியிருந்தா, அந்த அளவை நினைவுல எழுதி வச்சிக்கிட்டு அடுத்த தடவ முதல்லயே சேர்த்துக்கும். சுபாருக்காரங்க இதை ஏஎஃப் லேர்னிங்னு சொல்வாங்க.

அங்க +8ன்னு இருந்தா, இசியு போட்ட கணக்குக்கு மேல 8 சதவீதம் பெட்ரோல் ஊத்தினாத்தான் சென்சர் ஒத்துக்குதுன்னு அர்த்தம். உங்க கால் எடை, நீங்க மெதுவா ஓட்டுறீங்களா வேகமா ஓட்டுறீங்களா, இதெல்லாம் அதுல கிடையாது. காத்து சென்சர் சொன்னதுக்கும் புகை சென்சர் பார்த்ததுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி, அவ்வளவுதான்.

சுபாரு இதை ஒரே எண்ணா வைக்கிறதில்ல. காத்தோட்டத்தை நாலு பட்டையாப் பிரிச்சு, ஏ, பி, சி, டி-ன்னு தனித்தனியா எழுதி வைக்கும். ஏ ஐட்லிங் பக்கம், டி பெரிய காத்தோட்டம். நாலையும் எடுத்துப் போடுங்க. கூடவே ஐஏஎம்னு ஒரு எண் இருக்கும், அதையும்.

15 ஜூன் 2024, காலை 7.15

ராத்திரி எழுதினதுல 'காத்து எவ்வளவுன்னு ஒரு சென்சர் சொல்லும்'னு ஒரே வரியில தாண்டிட்டேன். காடிக்குக் காடி வித்தியாசம் வர்றதே அங்கதான்.

உங்க சுபாருல இருக்கிறது சூடான கம்பி வகை. காத்தோட வெப்பத்தைவிட கம்பியை ஒரு குறிப்பிட்ட அளவு சூடா வச்சிருப்பாங்க. காத்து வந்து ஆற வைக்கும். சூட்டை விடாம வைக்க எவ்வளவு கரண்ட் வேணுமோ அதுதான் காத்தோட எடை. குளிர் காத்து, மெலிஞ்ச காத்து எல்லாம் அதுலயே அடங்கிடும்.

என் எவோ 8-ல வேற கதை. மிட்சுபிஷி கார்மன் சுழல் வகை வச்சிருக்கான். காத்து ஓடுற வழியில ஒரு சின்னத் தூண். தூணுக்குப் பின்னாடி காத்து சுழல் சுழலா உடையும். வேகம் கூடினா சுழல் எண்ணிக்கை கூடும். அதை எண்ணினா கிடைக்கிறது கன அளவுதான், எடை கிடையாது. அதனால அதே பெட்டிக்குள்ள வெப்ப சென்சர், காத்தழுத்த சென்சர் ரெண்டும் வச்சு, மூணையும் சேர்த்து எடையாக்கும்.

ஹோண்டா பி16பி இன்ஜின், ஜப்பான் சந்தைக்கு வந்த டொயோட்டா 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜின் எல்லாம் காத்தை அளக்கிறதே இல்ல. மேனிஃபோல்ட் (சிலிண்டருக்குக் காத்து போற குழாய்) அழுத்தம், ஆர்பிஎம், காத்து வெப்பம் இதை வச்சு ஊகிக்கும். அதே 2ஜேஇசட் ஜப்பானுக்கு வெளிய போன சூப்ராவுல காத்து மீட்டரோட போச்சு. ஹாஃப்-கட் (ஜப்பான்ல வெட்டி அனுப்புற பழைய காடியோட முன்பாதி) வாங்குறவங்க வயரிங்கையும் இசியுவையும் சேர்த்து வாங்கணும்னு கெஞ்சுறது இதனாலதான். ஒரு இன்ஜினுக்கு இன்னொரு காடி இசியு போட்டு 'செட் ஆகல'ன்னு அழுறதைப் பல தடவ பார்த்தாச்சு.

15 ஜூன் 2024, மதியம் 1.30

சிரம்பான் அண்ணன் கேட்டிருக்காரு: "14.7-ஐப் பிடிச்சு வைக்கிறதுக்குத்தான் சென்சர்னா, முழு த்ராட்டில்ல என் மீட்டர் 11 காட்டுதே. சென்சர் செத்துப் போச்சா?"

சாகல அண்ணே. முழு மிதியில இசியு அந்த சென்சரைக் கேட்கிறதையே விட்டுடும். இந்த மாதிரி பழைய டர்போ காடி பெரும்பாலும் பாரம் ஏறினதும் 11 பக்கம் போகும். மிஞ்சின பெட்ரோல் எரியாம ஆவியாகி அறையைக் குளிர வைக்கும். நாக் (கலவை நேரம் தப்பித் தானா வெடிக்கிறது) அடங்கும், டர்போவும் வால்வும் வெந்து போகாது. அந்த நேரத்துல இசியு பார்க்கிறது ஒரு அட்டவணை மட்டும்தான்.

பழைய காடியில இன்னொரு காரணமும் உண்டு. நாரோபேண்ட் ஆக்சிஜன் சென்சர் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல ஆடும். 14.7-ஐ ஒட்டித்தான் தடால்னு மாறும். குழம்புல உப்பு கூடிடுச்சுன்னு மட்டும் சொல்லிட்டு எத்தனை கரண்டின்னு சொல்லாத மாமியார் மாதிரி. 11-க்கும் 12-க்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த வித்தியாசம் வேணும்னா வைட்பேண்ட் போடணும். நீங்க மீட்டர்ல பார்க்கிறது பாஷ் எல்எஸ்யு 4.9 மாதிரி ஒரு சென்சரா இருக்கும். நல்லாத்தான் வேலை செய்யுது, விட்டுடுங்க.

16 ஜூன் 2024, இரவு 10.10

ஷா ஆலாம் தம்பி எண் அனுப்பிட்டாரு. ஹஜ்ஜுப் பெருநாள் லீவுல உக்காந்து எடுத்திருக்காரு, நல்ல பிள்ளை.

ஏ: +9.4. பி: +3.1. சி: +0.8. டி: −1.6. ஐஏஎம்: 0.25. பெட்ரோல்: ரோன் 95 (ஆக்டேன் எண், கூடினா நாக் குறையும்).

ரெண்டு நோய் இருக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்கணும்னு இல்ல.

முதல்ல நாலு பட்டை. ஐட்லிங்ல 9 சதவீதம் கூட வேணும், காத்தோட்டம் ஏற ஏற அது கரையுது, கடைசியில மறுபக்கம் போகுது. த்ராட்டில் தட்டுக்குப் பின்னாடி எங்கயோ லீக்னு நான் அடிச்சுச் சொல்வேன். ஐட்லிங்ல மேனிஃபோல்ட்ல வெற்றிடம் இருக்கும், அளக்காத காத்தை ஓட்டை வழியா இழுக்கும். அப்ப இன்ஜினே கொஞ்சமாத்தான் காத்து குடிக்குது, ஓட்டைக் காத்து அதுல பெரிய பங்கு. ஹைவேயில ஓடுறப்ப அதே ஓட்டைக் காத்து கடலில் கரைச்ச பெருங்காயம். டர்போ அழுத்தம் வந்ததும் திசை மாறி, அளந்த காத்தே அந்த ஓட்டை வழியா வெளிய போகும், அப்ப கலவை ரிச், அதாவது பெட்ரோல் மிஞ்சும்.

ரெண்டாவது ஐஏஎம். இது பெட்ரோல் கணக்கு இல்ல, தீப்பொறி நேரத்தோட கணக்கு. ஆனா உங்க 'பறக்குற ஒரு வாரம்' இங்கதான் ஒளிஞ்சிருக்கு. சுபாரு இசியு அட்டவணையில எவ்வளவு அட்வான்ஸ் (தீப்பொறியை முன்னாடி தள்ளுறது) சேர்க்கலாம்னு ஒரு பகுதி இருக்கு. அதுல எத்தனை பங்கை நம்பிக் கொடுக்கலாங்கிறதுதான் ஐஏஎம். 1-ன்னா முழுசா. நாக் கேட்டுக்கிட்டே இருந்தா இறக்கிடும். உங்களுது கால்வாசிக்கு வந்து நிக்குது. வயரைக் கழட்டினதும் அது ஆரம்ப எண்ணுக்குப் போகும், அதாவது பாதிக்கு. சில இசியுவுல 16-க்கு 8, சிலதுல 1-க்கு 0.5.

கால்ல இருந்து அரைக்கு ஏறினா பவர் தெரியத்தான் செய்யும். அந்த ஒரு வாரமும் இன்ஜின் நாக் அடிச்சிக்கிட்டே ஓடும். இசியு அதைக் கேட்டுக் கேட்டு மறுபடி காலுக்கு இறக்கும். நீங்க திரும்பக் கழட்டுவீங்க. நல்லா இருக்கிற எஸ்டிஐ 1-ல ஓடும். அதைக் கழட்டி மாட்டினா 0.5-க்கு இறங்கி, மந்தமாத்தான் ஆகும். ரீசெட் பண்ணினா பவர் கூடுற காடி, சீக்கான காடி.

உங்க காடியில இருக்கிற இஜே இன்ஜின்ல நாக் அடிச்சு அடிச்சு பிஸ்டன் ரிங் பள்ளம் உடையுறது உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். நான் பயமுறுத்தல.

17 ஜூன் 2024, காலை 9.00

படுத்துக்கிட்டு யோசிச்சேன். லீக்னு அடிச்சுச் சொன்னது சரிதான், ஆனா மத்த வடிவங்களையும் எழுதி வச்சா அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.

காத்தோட்டம் ஏற ஏற திருத்தமும் ஏறிக்கிட்டே போனா சூடான கம்பி அழுக்கா இருக்கலாம். எண்ணெய் தடவின பஞ்சு ஃபில்டர் போட்டவங்களுக்கு இது அடிக்கடி வரும். கம்பி மேல படலம் படிஞ்சா காத்தைக் குறைச்சுச் சொல்லும். அதுக்குன்னே விக்கிற ஸ்ப்ரே அடிச்சா போதும், பிரேக் கிளீனர் அடிச்சுக் கொல்லாதீங்க. பெட்ரோல் பம்ப் சோர்ந்து போனாலும், ஃபில்டர் அடைச்சாலும் இதே வடிவம் வரும். அழுத்தம் அளந்து பார்த்துப் பிரிக்கணும்.

காத்து மீட்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல ரப்பர் குழாய் வெடிச்சிருந்தா எல்லாப் பட்டையிலயும் கூட்டல். டர்போவுக்கு அப்புறம், த்ராட்டிலுக்கு முன்னாடி, இன்டர்கூலர் பைப் கிளாம்ப் தளர்ந்திருந்தா மெதுவா ஓடுறப்ப பெரிசா எதுவும் தெரியாது. பூஸ்ட்ல மட்டும் கருப்புப் புகை. அளந்த காத்து வழியிலயே போயிடுது, பெட்ரோல் மட்டும் வந்து சேருது.

மோசமானது ஒண்ணு இருக்கு: ஆக்சிஜன் சென்சருக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் கேஸ்கெட் லீக். துடிப்புக்கு நடுவுல வெளிக்காத்து உள்ள போகும். சென்சர் லீன், அதாவது பெட்ரோல் பத்தலைன்னு பொய் சொல்லும். இசியு நம்பி பெட்ரோல் கூட்டும். எண் லீன் மாதிரி காட்டும், பிளக் கழட்டினா கரி. ரெண்டும் ஒத்துப் போகலைன்னா பிளக்கைத்தான் நம்புங்க.

17 ஜூன் 2024, மாலை 6.45

"ரோன் 95 போட்டா என்ன, அரசாங்கமே விக்குதே" ரகத்துல ரெண்டு பேர் வந்திருக்காங்க.

மைவி மாதிரி சாதாரணச் சின்னக் காடிக்குப் போடுங்க, யாரும் கேட்க மாட்டாங்க. ஜப்பான் சந்தை எஸ்டிஐ, எவோ, ஜிடிஆர் எல்லாம் அங்க விக்கிற ஹை-ஆக்டேன் பெட்ரோலுக்கு ட்யூன் பண்ணினது. அங்க தர விதிப்படி குறைஞ்சது 96, பங்க்ல கிடைக்கிறது 100 பக்கம். இங்க 2009-ல ரோன் 92 போய் 95 வந்துச்சு, அதுக்கு மேல 97. 100 வேணும்னா பெட்ரோன்ல பிளேஸ் 100.

என் எவோ இசியுவுல ரெண்டு ஜோடி அட்டவணை இருக்கு. நல்ல பெட்ரோலுக்கு ஒண்ணு, மட்டமான பெட்ரோலுக்கு ஒண்ணு, தீப்பொறிக்கும் கலவைக்கும் தனித்தனியா. நாக் எண்ணிக்கை ஏறிக்கிட்டே போனா மெல்ல மெல்ல மட்டமான அட்டவணைப் பக்கம் நகரும். அதுல தீப்பொறி தாமதம், பெட்ரோல் இன்னும் ரிச். அப்ப ரோன் 95 அடிச்சு மிச்சம் பிடிக்கிற காசுல ஒரு பகுதி புகைக்குழாய் வழியாப் போயிடுது. பவரும் போகுது. நான் சும்மா ஓட்டுறதுக்கு 97, மலை ஏறுறதுன்னா 100.

ஜொகூர்ல ஒருத்தர் இதுக்காகவே பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் 98 அடிச்சிட்டு வர்றாராம். சிங்கப்பூர்க்காரன் முக்கால் டேங்க் சட்டம் (அவங்க காடி எல்லை தாண்டுறப்ப முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கணும்) பேசிக்கிட்டே இந்தப் பக்கம் வர்றான், இவர் எதிர்த்திசையில போறாரு. வாழ்க!

19 ஜூன் 2024, இரவு 8.20

ஈப்போ நண்பர்: "560 சிசி இன்ஜெக்டரைக் கழட்டிட்டு 720 போட்டேன், எஸ்ஏஎஃப்சி-ல (கலவையைத் திருத்த மாட்டுற தனிப் பெட்டி) மைனஸ் 22 வச்சேன், ஓடுது. இதுக்கு ஏன் இசியு ட்யூனுக்கு ஆயிரக்கணக்குல வெள்ளி கொடுக்கணும்?"

560-ஐ 720-ஆல வகுத்தா 0.78, மைனஸ் 22 சரியான கணக்குத்தான். எஸ்ஏஎஃப்சி என்ன பண்ணுதுன்னு யோசிங்க. அது பெட்ரோலைத் தொடுறதே இல்ல. காத்து மீட்டர் சிக்னலைக் குறைச்சு இசியுவுக்குப் பொய் சொல்லுது. 'காத்து 22 சதவீதம் கம்மி'ன்னு இசியு நம்பி பெட்ரோலைக் குறைக்குது. அதோட நிறுத்திக்கிட்டா பரவாயில்ல. 'பாரம் கம்மி'ன்னும் நம்பிடுது. பாரம் கம்மின்னா தீப்பொறியை முன்னாடி தள்ளலாம். அட்டவணையில அப்படித்தான் இருக்கு. நிஜத்துல உள்ள முழு பூஸ்ட். நீங்க கேட்காமலே அட்வான்ஸ் கூடிடுச்சு, அதுவும் பூஸ்ட் உச்சத்துல.

இன்னொண்ணு. மெதுவா ஓடுறப்ப ஆக்சிஜன் சென்சர் கண் திறந்துதான் இருக்கு. எஸ்ஏஎஃப்சி-ல நீங்க அங்க வைக்கிற தப்பான எண்ணை இசியு ஒரு சில நாள்ல தானாத் திருத்தி ஒண்ணுமில்லாம ஆக்கிடும். நீங்க மறுபடி திருகுவீங்க, அது மறுபடி திருத்தும். பழைய இதழ்கள்ல 'இசியு எதிர்த்துப் போராடுது'ன்னு எழுதுவாங்க. அது வேலையை அது பார்க்குது.

உங்க ஐட்லிங் ஆடுதான்னு நீங்க சொல்லல. ஆடும்னு நினைக்கிறேன். ஏன்னு நாளைக்கு எழுதுறேன், இப்ப பந்து ஆட்டம் போட்டுட்டான். (யூரோ நடக்குதே, எந்த ஊர்ல இருக்கீங்க எல்லாரும்?)

20 ஜூன் 2024, காலை 7.40

ஐட்லிங். இன்ஜெக்டருக்குக் கரண்ட் கொடுத்ததும் உடனே திறக்காது. ஊசி தூக்க கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட் போகும். பேட்டரி வோல்ட்டேஜ் இறங்கினா இன்னும் கூடும். வேற கம்பெனி இன்ஜெக்டர்னா இந்தத் தாமதமும் வேற. இசியு பழைய தாமதத்தையே வச்சிக்கிட்டு கணக்குப் போடுது.

ஐட்லிங்ல மொத்தத் திறப்பே 2 மில்லிசெகண்ட்டைச் சுத்தி. அதுல 0.2 தப்புன்னா குறைஞ்சது 10 சதவீதம் போச்சு. முழு மிதியில 15 மில்லிசெகண்ட் திறந்திருக்கும், அங்க 0.2 தப்பு 1 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. அதனால மேல நல்லா இழுக்கும், கீழ ஆடும். ஏர்கான் போட்டு ஹெட்லைட் போட்டா இன்னும் ஆடும், வோல்ட்டேஜ் இறங்குதில்ல. எல்லாப் பட்டையிலயும் ஒரே அளவு தப்புன்னா இன்ஜெக்டர் அளவு தப்பு, கீழ மட்டும் தப்புன்னா தாமதம் தப்பு. லீக்கும் கீழதான் காட்டும், அதனால புகை விட்டு லீக் இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் தாமதத்தைத் தொடுங்க.

15 மில்லிசெகண்ட்னு சொன்னேன்ல, அதுவே எல்லைக்குப் பக்கம். 7000 ஆர்பிஎம்ல ரெண்டு சுத்துக்குக் கிடைக்கிற நேரமே 17 மில்லிசெகண்ட்தான். 15 போனா கிட்டத்தட்ட 87 சதவீதம். அதுக்கு மேல இன்ஜெக்டருக்கு மூடித் திறக்க நேரமே இருக்காது. பெரிசு போட்டது தப்புன்னு நான் சொல்லவே இல்ல, அதுக்கு ஏத்த எண்ணை இசியுவுக்குள்ளயே எழுதுங்கன்னுதான்.

20 ஜூன் 2024, இரவு 9.55

பட்டர்வொர்த் தம்பி, நீங்க கேட்ட 'புஷ்ஷ்' சத்தம், அதான் த்ராட்டிலை விட்டதும் டர்போ காத்தை வெளிய விடுற வால்வு. சத்தம் நல்லாத்தான் இருக்கும், இல்லங்கல. ஆனா வெளிய விடுற அந்தக் காத்தை மீட்டர் ஏற்கெனவே அளந்தாச்சு. கியர் மாத்துற அந்த நொடியில இசியு அந்தக் காத்துக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊத்தும். காத்து ரோட்டுல, பெட்ரோல் சிலிண்டர்ல. அதான் கியர் மாத்தினதும் ஒரு குலுக்கல், பின்னால 'டப்'னு ஒரு வெடி. நிறைய பேர் அந்த வெடியையும் பெருமையாச் சொல்லிக்கிறாங்க. சுபாருவும் மிட்சுபிஷியும் காத்தைத் திரும்ப டர்போ வாய்க்கே அனுப்புற வால்வு வச்சதுக்கு இதுதான் காரணம். அழுத்தத்தை வச்சு ஊகிக்கிற காடியில இந்தப் பிரச்சினை இல்ல, அங்க எவ்வளவு வேணும்னாலும் புஷ்ஷுங்க.

23 ஜூன் 2024, மதியம் 12.15

நேத்து கெந்திங் போனோம். கிட்டத்தட்ட 1,800 மீட்டர். மேல காத்தழுத்தம் கீழ இருக்கிறதைவிட 20 சதவீதம் பக்கம் குறைவு. அப்பா பக்கத்துல உக்காந்து "டட்சன் 120ஒய்-ல இதே ரோட்டுல வந்தா பாதி வழியில பெட்ரோல் வாடை அடிக்கும்"னு ஆரம்பிச்சிட்டாரு. கார்புரேட்டருக்குக் காத்து மெலிஞ்சது தெரியாது. பெட்ரோலை மட்டும் ஏறக்குறைய பழையபடியே விடும், கலவை ரிச் ஆகும்.

எவோவுல அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற அழுத்த சென்சர் பார்த்துக்குது. மடிக்கணினியைப் பின் சீட்டுல வச்சுப் பதிவு பண்ணினேன், ஏறி இறங்கி வர்ற வரைக்கும் திருத்தம் 2 சதவீதத்துக்கு மேல நகரல. யாருக்காவது எவோ கீழ ஒழுங்கா ஓடி, கேமரன் மலையிலயோ கெந்திங்லயோ மட்டும் கரும்புகை தள்ளுதுன்னா அந்தச் சென்சரைப் பாருங்க. சுழல் எண்ணிக்கை மட்டும் வச்சா மெலிஞ்ச காத்தும் கெட்டிக் காத்தும் அதுக்கு ஒண்ணுதான்.

அப்பாவுக்கு நான் காட்டின கோடு எதுவும் சுவாரசியப்படல. பரோட்டா நல்லா இருந்துச்சாம்.

24 ஜூன் 2024, இரவு 10.30

"என் காடியில கேட் (புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட்) இல்ல, ஹாஃப்-கட்காரன் முன்னாடியே கழட்டி வித்துட்டான். அப்புறம் எதுக்கு 14.7?" நல்ல கேள்வி.

14.7 இன்ஜினுக்காக வந்தது இல்ல, கேட்டுக்காக வந்தது. மூணு வழி கேட்டலிஸ்ட் மூணு மாசையும் ஒண்ணா சுத்தம் பண்ணணும்னா கலவை அந்தக் குறுகின இடத்துல நிக்கணும். அதுக்காகத்தான் லாம்ப்டா சென்சர், அதாவது ஆக்சிஜன் சென்சர் பிறந்துச்சு. 1976-ல வால்வோ காடியில முதல்ல வந்தது, பாஷ் செஞ்சது. அதுக்கு முன்னாடி 1967-லயே பாஷ் டி-ஜெட்ரானிக் எலக்ட்ரானிக் பெட்ரோல் ஊசி ஃபோக்ஸ்வாகன்ல ஓடிச்சு, ஆனா அது ஊத்திட்டுத் திரும்பிப் பார்க்காத வகை.

கேட் இல்லைன்னா சிக்கனத்துக்கு 15.5, 16-ல ஓட்டலாம். ஆனா உங்க இசியுவுக்கு கேட் போனது தெரியாது. சென்சர் இருக்கிற வரைக்கும் 14.7-க்கே இழுக்கும். சென்சரையும் கழட்டிடலாம்னு யாரோ யோசனை சொல்லியிருக்காங்க, தயவு செஞ்சு வேணாம். இறக்குமதி செஞ்ச இன்ஜினுக்கு உள்ளூர்ல இருக்கிற ஒரே சாட்சி அதுதான். கேட்டை மறுபடி போடுங்க, பின்னால வர்றவன் மூச்சு விடணும்ல.

29 ஜூன் 2024, மாலை 5.10

ஷா ஆலாமிலிருந்து சேதி. புகை மெஷின் விட்டுப் பார்த்திருக்காங்க. மேனிஃபோல்ட் அடியில ஒரு சின்ன வேக்குவம் ஹோஸ், இருபது வருஷ ரப்பர், விரல் பட்டதும் பிஸ்கட் ஆயிடுச்சாம். விலை ஒரு தே தாரிக் (டீ) காசு. கூடவே த்ராட்டில் கேஸ்கெட் ஓரத்துலயும் லேசாப் புகை, அதையும் மாத்தியாச்சு.

டேங்க்ல 97 ரொப்பி ஓட்டினதுக்கு அப்புறம்: ஏ +1.6, பி +0.8, சி 0, டி −1.6. ஐஏஎம் 0.25-ல இருந்து மேல ஏறி 0.9 பக்கம் வந்திருக்கு. தானா ஏறிச்சு, யாரும் கழட்டல.

டி நகரலையேன்னு கேட்கிறாரு. 1.6 ஒரு பிரச்சினையே இல்ல தம்பி. ஜீரோவாத்தான் இருக்கணும்னு ஓடினா பைத்தியம் பிடிச்சிடும். ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்குங்க. சுபாருல அந்த டி எண் முழு மிதியிலயும் சேரும். சென்சரைக் கேட்காத நேரத்துலயும் கடைசியாக் கத்துக்கிட்ட அந்த எண்ணை இசியு விடாது. −1.6-ன்னா 11.0 கிட்டத்தட்ட 11.2 ஆகும், சும்மா. அதே −10 ஆயிருந்தா 11-ங்கிறது 12-ஐத் தாண்டிடும். அதனால நாலு எண்லயும் நான் முதல்ல பார்க்கிறது டி-தான். ஐட்லிங் ஆடுறது காதுக்குத் தெரிஞ்சிடும். இது தெரியாது.

ஐஏஎம் 1-ஐத் தொடலையேன்னா, பிளேஸ் 100 ஒரு டேங்க் போட்டுப் பாருங்க. அப்பவும் ஏறலைன்னா நாக் சென்சருக்கு வேற ஏதோ சத்தம் கேட்குது. தளர்ந்த ஹீட் ஷீல்டு, இன்ஜின் மவுண்ட், இப்படி. அதை பெட்ரோலால சரி பண்ண முடியாது.

7 ஜூலை 2024, இரவு 11.00

பினாங்கு ஆளு ஹட்ஞாய் போய்ட்டு வந்து கேட்கிறாரு: "தாய்லாந்துல கேசஹோல் 95 போட்டதும் எவோ திருத்தம் +4 ஆயிடுச்சு. லீக்கா?"

லீக் இல்லங்க. அந்தப் பெட்ரோல்ல 10 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கு, அதனால சுத்தமான எத்தனாலுக்கு 9 பங்கு காத்து போதும். 10 சதவீதம் கலந்தா 14.7-ங்கிறது 14.1 பக்கம் வரும். அதே காத்துக்கு 4 சதவீதம் கூட ஊத்தணும். உங்க எண் அப்படியே அச்சு. இ20-ன்னா 8, 9 சதவீதம்.

எவோவுல நீண்ட காலத் திருத்தத்துக்கு எல்லை 12.5 சதவீதம். இ20 அதுக்குள்ள வந்துடும், ஆனா ஏற்கெனவே லீக் இருந்து +6-ல ஓடுற காடின்னா எல்லையில முட்டும். இ85-ஐப் பக்கத்துல கூட விடாதீங்க. 40 சதவீதம் பக்கம் கூட வேணும், கோசோங் (கம்பெனியில வந்தபடி மாத்தாத) இசியுவால முடியாது.

முழு மிதியில இ20 ஆபத்தான்னு அடுத்த கேள்வி வரும்னு தெரியும். இசியு திருத்தாமலே விட்டாலும், லாம்ப்டா (சரியான கலவையை 1-ன்னு வச்ச அளவு, குறைஞ்சா ரிச்) 0.75-ல ஓடினது 0.81 ஆகும். அதோட எத்தனால் குளிர்ச்சியும் ஆக்டேனும் சேர்த்துக் கொடுக்குது. கோசோங் பூஸ்ட்டுக்கு நான் கவலைப்பட மாட்டேன். பழைய ரப்பர் ஹோஸுக்குத்தான் கவலைப்படுவேன்.

8 ஜூலை 2024, காலை 8.05

எதை வச்சுப் படிக்கிறதுன்னு கேட்டவங்க எல்லாருக்கும் சேர்த்து: 30 வெள்ளிக்கு விக்கிற நீல ப்ளூடூத் டாங்கிள் ஜப்பான் சந்தைப் பழைய காடியில பெரும்பாலும் பேசாது. பிளக் வடிவம் ஒண்ணா இருக்கும், உள்ள பேச்சு வேற. மிட்சுபிஷிக்கு எம்யுடி, சுபாருக்கு எஸ்எஸ்எம். டாக்ட்ரிக்ஸ் ஓப்பன்போர்ட் 2.0 கேபிள் ரெண்டுக்கும் ஆகும். எவோவுக்கு எவோஸ்கேன், சுபாருக்கு ரோம்ரெய்டர். போலி கேபிள் நிறைய சுத்துது, படிக்கிறதுக்கு ஓடினாலும் இசியுவுல எழுத அதை நம்பாதீங்க, பாதியில நின்னா இசியு செத்து செங்கல் ஆயிடும்.

பதிவுல இதெல்லாம் இருக்கணும்: ஆர்பிஎம், காத்தோட்டம், த்ராட்டில், குறுகிய காலத் திருத்தம், நீண்ட காலத் திருத்தம், நாக், காத்து வெப்பம், பேட்டரி வோல்ட்டேஜ். இன்ஜின் நல்லா சூடான பிறகு ஐட்லிங்ல கொஞ்ச நேரம், அப்புறம் ஹைவேயில ஒரே வேகத்துல கொஞ்ச நேரம். மூணாவது கியர்ல 2,500-ல இருந்து மேல வரைக்கும் ஒரு இழுப்பு வேணும்னா செப்பாங்ல ட்ராக் நாள் பார்த்துப் போங்க, எலிட் ஹைவேயில வேணாம். ஃபைலை இங்க ஏத்துங்க. ஸ்கிரீனைப் போன்ல படம் பிடிச்சு அனுப்பாதீங்க, ஒரு எழுத்தும் தெரிய மாட்டேங்குது.